பீசோ நிலைமாற்றியா, ஃபெரைட்டா: கொழும்பு வெக்கைக்கு எது சரி?

12 வோல்ட் பற்றரியிலிருந்து 2 அல்லது 3 கிலோவோல்ட் எடுக்க வேண்டும், சில வாட் போதும், பெட்டி கையடக்கமாக இருக்க வேண்டும், கொழும்பில் ஒரு பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே சுவரில் தொங்கியபடி வருடம் முழுக்க ஓடவும் வேண்டும். தூசியை இழுத்துப் பிடிக்கிற வடிகட்டி செய்கிறவர்களுக்கும் அயனி விசிறி செய்கிறவர்களுக்கும், கடைசி வருடச் செயற்றிட்டத்தோடு மல்லுக்கட்டுகிற கட்டுபெத்தைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. கம்பிச் சுருளுக்குப் பதிலாக அதிர்கிற பீங்கான் பட்டையால் வோல்ட்டை ஏற்றுகிற பீசோ நிலைமாற்றி ஒன்றை வரவழைப்பதா, வழக்கம்போல ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் கோரில் கம்பி சுற்றுவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டை மிகப் பலமாக அதிர்கிற மீடிறன், அதாவது பரிவு மீடிறன், போகிற இடமெல்லாம் பின்னால் போய் அதை ஓட்டுகிற சுற்று ஒன்றை ஒழுங்காகச் செய்ய உங்களுக்கு நேரமும் கருவியும் இருந்தால் பீசோ எடுங்கள். இல்லாவிட்டால் ஃபெரைட்டோடு நில்லுங்கள், நிலையான மீடிறனில் பீசோவை ஓட்டலாம் என்ற நடு வழிக்கு மட்டும் போகாதீர்கள். காரணம் முழுக்க வெப்பநிலைதான்.

பீசோ நிலைமாற்றி புதுச் சாமான் இல்லை. 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த சார்ள்ஸ் ரோசன் என்பவர் செய்த அமைப்பு அது, அந்த நீளப்பட்டை வடிவத்துக்கு இன்றைக்கும் ரோசன் வகை என்றுதான் பெயர். ஒரு பாதியில் முனைவாக்கம், அதாவது பீங்கானுக்குள் மின்முனைகளை ஒரே பக்கம் திருப்பி நிறுத்துவது, தடிப்புத் திசையில், மறுபாதியில் நீளத் திசையில். முதல் பாதிக்குச் சின்ன வோல்ட்டைக் கொடுத்தால் பட்டை நீளவாட்டில் அதிரும், மறுபாதியின் நுனியில் பெரிய வோல்ட் வரும். இடையில் கம்பியும் இல்லை, காந்தப் புலமும் இல்லை. 1990களில் மடிக்கணினித் திரைகளின் பின்விளக்குக் குழாய்களை ஏற்ற இதைத்தான் பலர் பயன்படுத்தினார்கள், எல்ஈடி வந்தபிறகு அந்தச் சந்தை போய்விட்டது. இப்போது டிடிகே நிறுவனத்தின் செராபிளாஸ் போன்ற குளிர் பிளாஸ்மாச் சாமான்களில் அதே அமைப்பு திரும்ப வந்திருக்கிறது.

சரி, வெப்பநிலை. வாங்கப் போகிற எல்லாரும் முதலில் தரவுத்தாளில் கியூரி வெப்பநிலையை, அதாவது பீங்கான் தன் பீசோ குணத்தை இழக்கிற வெப்பநிலையைத்தான் தேடுகிறார்கள், அங்கேதான் தெரிவு பிழைக்கிறது. பேரியம் டைட்டனேற்றுக்கு அது ஏறக்குறைய 120 பாகை செல்சியஸ், அந்தக் காலத்தில் அது உண்மையிலேயே பெரிய தொல்லையாக இருந்தது. இன்றைக்கு எல்லாரும் பயன்படுத்துகிற ஈய சேர்க்கோனேற்று டைட்டனேற்றில், அதாவது பி.இசட்.டி.யில், வகையைப் பொறுத்து 190 முதல் 365 வரை போகும். பாதுகாப்பான வேலை வெப்பநிலை அதில் பாதி என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. இப்போது மூன்று வகைகளை அருகருகே வைத்துப் பாருங்கள், இதில் இயந்திரக் கியூ என்பது அதிர்வு எவ்வளவு இழப்பில்லாமலும் கூர்மையாகவும் நடக்கிறது என்ற அளவு. பி.இசட்.டி.-5ஏ: கியூரி 365, ஆனால் இயந்திரக் கியூ வெறும் 75, மின் இழப்பு 2 சதவீதம். பி.இசட்.டி.-4: கியூரி 325 அளவில், கியூ 500, இழப்பு அரைச் சதவீதத்துக்கும் குறைவு. பி.இசட்.டி.-8: கியூரி 300 அளவில், கியூ 1000, இழப்பு அதே மாதிரிக் குறைவு. கியூரியை மட்டும் பார்த்து வாங்குகிறவர் 5ஏயை எடுப்பார், எடுத்துவிட்டு அதைத் தன் இழப்பிலேயே தானாக வேக விடுவார். நிலைமாற்றிக்கு 4 அல்லது 8தான். பெயரில் கடினவகை என்று இருந்தால் பாருங்கள், மென்வகை என்று இருந்தால் அதை உணரிகளுக்கு விட்டுவிடுங்கள்.

கடினவகையை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்தால் அடுத்த சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 50 மில்லிமீற்றர் நீளப் பட்டை, அதன் நீளத்துக்குள் ஒரு முழு அலை அடங்குகிற முழு அலை முறையில், ஏறக்குறைய 66 கிலோஹெர்ட்ஸில் பரிவுக்கு வரும். கியூ 500 என்றால் அந்தப் பரிவின் அகலம் 66,000ஐ 500ஆல் வகுத்தது, அதாவது 132 ஹெர்ட்ஸ். கியூ 1000 என்றால் 66 ஹெர்ட்ஸ். சூடு ஏறும்போது பொருளின் விறைப்பு மாறும், அதோடு பரிவு மீடிறனும் நகரும், கலவையைப் பொறுத்து மேலேயும் போகலாம் கீழேயும் போகலாம். 0.2 சதவீதம் நகர்ந்தாலே 132 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. அந்த நேரம் நீங்கள் பழைய மீடிறனில் நின்றுகொண்டிருந்தால் உச்சியிலிருந்து சரிந்து வெளியே போய்விட்டீர்கள், வோல்ட் பாதிக்கும் கீழே விழும். பாரமான சுமை போட்டால் கியூ இறங்கி அகலம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அயனி ஊசி, தூசி வடிகட்டி எல்லாம் மிக மெல்லிய சுமைகள், அங்கே பரிவு கூர்மையாகவே இருக்கும்.

சூடு எவ்வளவு ஏறும் என்று கையால் ஒரு கணக்குப் போடலாம், இதைச் செய்யாமல் யாரும் தெரிவு செய்யக்கூடாது என்பது என் கருத்து. 50க்கு 10க்கு 2 மில்லிமீற்றர் பட்டை என்றால் கனவளவு 1 கன சென்றிமீற்றர், நிறை ஏறக்குறைய 7.5 கிராம், அதை ஒரு பாகை சூடாக்க 3 ஜூல் போதும். 5 வாட் உள்ளே போய் வினைத்திறன் 90 சதவீதம் என்றால் அரை வாட் பட்டைக்குள்ளேயே சூடாக நிற்கும். பட்டையின் மேற்பரப்பு 12.4 சதுர சென்றிமீற்றர்தான், அசையாத காற்றில் அது ஒரு பாகைக்கு ஏறக்குறைய 12 மில்லிவாட்டைத்தான் விடும். ஆக 40 பாகை ஏற்றம். வினைத்திறன் 95 ஆனால் ஏற்றம் 20 பாகை. பீசோ ஆட்கள் ஒரு பொருளின் உச்ச அதிர்வு வேகத்தை வரையறுப்பதே 20 பாகை சூடேறும் வேகம் என்றுதான், கடினவகையில் அது செக்கனுக்கு அரை மீற்றர் அளவில் வரும். அந்த எல்லைக்கு மேலே போனால் சூடு ஏற இழப்புக் கூடும், இழப்புக் கூட இன்னும் சூடு ஏறும், கட்டுப்பாடில்லாமல் ஓடுகிற நிலை அதுதான். பட்டை முழுக்க ஒரே சூடும் வராது, அசையாமல் நிற்கிற, தகைப்பு உச்சமாக இருக்கிற கணுக்களில்தான் கூடுதலாக வரும். பீங்கான் வெப்பத்தைக் கடத்துவதும் மந்தம், அதனால் அந்த இடம் கொதிக்கும்போது நுனி இளஞ்சூட்டில் இருக்கும்.

ஃபெரைட்டில் என்றால் வெப்ப வடிப்பானை ஒட்டிவிடலாம். அதிர்கிற பட்டையில் எதை ஒட்டினாலும் அதிர்வு சாகும், கியூ போகும். அரை அலை முறையில் நடுவிலும், முழு அலை முறையில் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் கால் பங்கிலும், மேலே சொன்ன பட்டைக்கு 12.5 மில்லிமீற்றரிலும், கணுக்கள் இருக்கும். பிடிப்பதென்றால் அங்கே சிலிக்கன் ரப்பரால் மெதுவாகப் பிடிக்க வேண்டும். குளிர வைக்கக் காற்று மட்டும்தான் வழி.

கொழும்பின் காலநிலை இதில் ஒரு விதத்தில் நமக்குச் சாதகம். வருடம் முழுக்க சராசரி 27, 28 பாகைதான், பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் ஆறேழு பாகை, குளிர்கால உறைபனி என்ற பேச்சே இல்லை. ஆகவே வெளி வெப்பநிலை மாறுவதால் மீடிறன் ஓடுவது இங்கே குறைவு. ஓட வைப்பது பெட்டிதான். தகரக் கூரைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் 50 பாகை என்று வைத்துக்கொண்டால், மேலே போட்ட 40ஐயும் சேர்த்து பட்டை 90க்குப் போகிறது. காலையில் 27இல் தொடங்கிய பட்டை இது, 60 பாகைக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. அந்த நடை முடிய எடுக்கிற நேரத்தையும் கவனியுங்கள். பட்டையின் சொந்த நேர மாறிலி ஏறக்குறைய 4 நிமிடம், பெட்டிக் காற்று அதைவிட மெதுவாக ஏறும், ஆகவே மேசையில் திறந்து வைத்து ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு "வடிவாக வேலை செய்கிறது" என்று சொல்கிற பரிசோதனைக்கு ஒரு பெறுமதியும் கிடையாது. அதோடு 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது, பற்றரியில் ஓட வேண்டும் என்று கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. பற்றரி என்றால் ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் பட்டை ஆறி, மறுபடி முதலிலிருந்து அதே நடையை நடக்கும், உள்ளீட்டு வோல்ட்டும் இடையில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

சரி, பின்தொடர்வது எப்படி? மூன்று வழி பேசப்படுகிறது, மூன்றும் ஒரே தரம் இல்லை.

பட்டைக்குப் பக்கத்தில் வெப்பத் தடையி ஒன்றை வைத்து, இந்த வெப்பநிலைக்கு இந்த மீடிறன் என்று அட்டவணை போட்டு ஓட்டுவது முதல் வழி. பார்க்க எளிது, எனக்கு நம்பிக்கையில்லை. வெப்பத் தடையி காற்றின் சூட்டைச் சொல்லும், பட்டையின் உள்ளே கணுவில் உள்ள சூட்டைச் சொல்லாது. அட்டவணையும் அந்த ஒரு பட்டைக்குத்தான் பொருந்தும், அடுத்த பட்டைக்கு வேறு போட வேண்டும்.

இரண்டாவது, மைக்ரோகொன்ட்ரோலர் ஒன்று வெளியீட்டை அளந்து மீடிறனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி உச்சியைத் தேடுவது. இதற்கு எல்லாரும் எடுப்பது கையில் இருக்கிற ஆர்டுயினோ ஊனோவை. அதன் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். 242ஆல் வகுத்தால் 66,116 ஹெர்ட்ஸ், 243ஆல் வகுத்தால் 65,844. அடுத்தடுத்த இரண்டு படிக்கு இடையில் 272 ஹெர்ட்ஸ்! பரிவின் முழு அகலமே 132 என்னும்போது உச்சி இரண்டு படிக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும், நிரலை எப்படி எழுதினாலும் அகப்படாது. 72 மெகாஹெர்ட்ஸ் பலகை என்றால் படி 60 ஹெர்ட்ஸ், கியூ 500க்கு ஒருமாதிரி ஓடும், 1000க்குப் போதாது. ஏடி9833 போன்ற மீடிறன் தொகுப்பிச் சிப்பை 25 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் படி ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒன்று அளவுக்கு வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. தேடும்போது எப்போதும் பரிவுக்கு மேலிருந்து கீழே இறங்குங்கள். பலமாக ஓட்டும்போது பரிவு வளைகோடு தாழ்ந்த மீடிறன் பக்கம் சாயும், தவறான திசையிலிருந்து வந்தால் வெளியீடு திடீரென்று குதிக்கும், தேடுகிற நிரல் அங்கே குழம்பிவிடும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, கட்டத்தை, அதாவது ஓர் அலை மற்றதற்கு எவ்வளவு முந்திப் பிந்தி வருகிறது என்பதை, பூட்டுவது. பரிவில் உள்ளீட்டு வோல்ட்டுக்கும் வெளியீட்டு வோல்ட்டுக்கும் இடையில், மெல்லிய சுமையில், ஏறக்குறைய 90 பாகைக் கட்ட வித்தியாசம் இருக்கும். சிடி4046 என்ற கட்டப் பூட்டுச் சிப் ஒன்றால் அந்த வித்தியாசத்தைப் பிடித்து வைத்தால் பட்டை எவ்வளவு சூடானாலும் மீடிறன் தானாகப் பின்னால் போகும். பழைய சிப், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கக்கூடிய வகைச் சாமான். கட்டத்தை உள்ளீட்டு மின்னோட்டத்திலிருந்து எடுக்காதீர்கள். உள்ளீட்டுப் பக்கத்தின் சொந்தக் கொள்ளளவமும் சூட்டோடு கூடும், அதன் வழியாக ஓடுகிற மின்னோட்டம் உண்மையான அதிர்வு மின்னோட்டத்தை மறைத்துக் கட்டத்தைப் பிழையாகக் காட்டும். அதே கொள்ளளவம் கூடுவதால் உள்ளீட்டுக்கு முன்னால் தொடராகப் போடுகிற சுருளின் பொருத்தமும் விலகும், ஆகவே சுருளை 30 பாகைக்கு அளந்து போடாமல் ஓடுகிற சூட்டுக்கு அளந்து போடுங்கள்.

வெளியீட்டுப் பக்கம் இன்னும் நுணுக்கம். அங்கே கொள்ளளவம் 10 பிக்கோஃபரட் அளவில்தான் இருக்கும், 66 கிலோஹெர்ட்ஸில் அதற்கு மிகப் பொருத்தமான சுமை ஏறக்குறைய 240 கிலோஓம். 10 பிக்கோஃபரட் உள்ள அலைக்காட்டி முனையை நேரே அங்கே வைத்தால் கொள்ளளவத்தை இரட்டிப்பாக்கிவிட்டீர்கள், காண்பது பட்டையின் நடத்தையும் முனையின் நடத்தையும் கலந்தது. உயர்வோல்ட் பிரிப்பான் ஒன்று கட்டாயம் வேண்டும், உங்கள் உயிருக்காகவும்தான்.

இனி ஃபெரைட். அதற்கும் சூட்டுத் தொல்லை உண்டு, ஆனால் அது சொல்லிவிட்டு வருகிற தொல்லை. என்87, பிசி40 போன்ற கோர்களின் இழப்பு 100 பாகைப் பக்கத்தில்தான் மிகக் குறைவு, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கியூரி 210க்கு மேலே. கவனிக்க வேண்டியது நிரம்பல், அதாவது கோர் தாங்குகிற காந்தப் புலத்தின் எல்லை: என்87இல் 25 பாகையில் 490 மில்லிரெஸ்லா இருப்பது 100 பாகையில் 390க்கு இறங்கும், ஆகவே கணக்கை 390க்குப் போடுங்கள். செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 சதவீதம் கூடும், 50 பாகை ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அவ்வளவுதான். 60 பாகை நடந்தாலும் மீடிறனைத் துரத்த வேண்டிய தேவை இல்லை.

ஃபெரைட்டின் பலவீனம் கொழும்பில் ஈரம். ஆயிரக்கணக்கான சுற்று, அடுக்குக்கு அடுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட், வெள்ளவத்தை மாதிரிக் கடற்கரை ஓரம் என்றால் உப்புக் காற்று வேறு. எபொக்சி ஊற்றும்போது காற்றுக் குமிழி உள்ளே நின்றால் அந்தக் குமிழிக்குள் மின்கசிவு நடந்து, மாதக்கணக்கில் எனாமலை அரித்து, ஒரு நாள் சுருள் முடிந்துவிடும். வெற்றிடத்தில் ஊற்ற வசதி இல்லாதவர்கள் அடுக்குகளைப் பிரித்துப் பிரித்துச் சுற்ற வேண்டும், அல்லது வோல்ட்டைக் குறைத்து எடுத்து பெருக்கிச் சுற்றில் ஏற்ற வேண்டும். பெருக்கியின் கப்பாசிட்டருக்கும் சூடு பொருட்டு: ஒய்5வி வகை தன் வெப்ப எல்லைக்குள்ளேயே 82 சதவீதம் வரை இழக்க அனுமதி உள்ளது, அதைத் தொடவே வேண்டாம், எக்ஸ்7ஆர் 15 சதவீதத்துக்குள் நிற்கும்.

பீசோவுக்கு ஈரத்தில் இந்தச் சுருள் தொல்லை இல்லை, வெளியீட்டைக் குறுஞ்சுற்றாக்கினாலும் பரிவு செத்து வோல்ட் தானாக விழும், பற்றி எரியக் கம்பியும் இல்லை. உண்மையிலேயே அழகான குணம் இது, இரவில் பூட்டிய கடைக்குள் ஓடுகிற சாமானுக்கு நான் இதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பேன். ஆனால் வெள்ளிப் பூச்சு ஈரத்திலும் வோல்ட்டிலும் மெல்ல ஊர்ந்து பரவும், மெல்லிய சிலிக்கன் பூச்சு ஒன்று வேண்டும். பூச்சின் எடை கியூவைக் கொஞ்சம் குறைக்கும், ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

வட்டத்தட்டு வகை பீசோவும் விற்கிறார்கள். ஆரவாட்டில் அதிர்வது, அகன்ற முகம், சூட்டை விடுவதில் பட்டையைவிடச் சுகம். ஆனால் வோல்ட்டை இத்தனை மடங்கு ஏற்ற ரோசன் வகை போல வராது. லித்தியம் நயோபேற்றுப் பளிங்கு, கியூரி 1100க்கு மேலே, கியூ ஆயிரக்கணக்கில் என்று ஆசை காட்டும். கியூ அவ்வளவு உயர்ந்தால் பரிவு அவ்வளவு ஒடுங்கும், துரத்துவது இன்னும் கஷ்டம். நமது 5 வாட் பெட்டிக்கு அது வேண்டாம்.

பீசோ என்று முடிவெடுத்தால் சொல்டர் பிடிக்கிற நிமிடத்தில் கவனம். இரும்பின் நுனி 350 பாகையில் இருக்கும், பி.இசட்.டி.-8க்கு கியூரி 300. ஒரு செக்கனுக்கு மேல் நுனியை வைத்திருந்தால் அந்த இடத்தில் முனைவாக்கம் போய்விடும், ஆறினாலும் திரும்பாது. வெள்ளி கலந்த சொல்டர் எடுங்கள், சாதாரண சொல்டர் வெள்ளிப் பூச்சைக் கரைத்துவிடும். உள்ளீட்டுக் கம்பியைக் கணுவில் வையுங்கள். வெளியீட்டு நுனி அதிகம் அசைகிற முரண்கணு, அங்கே மயிரிழை போன்ற நெகிழ்கம்பி போடாவிட்டால் அது களைத்து அறும். சூடாக்கும்போது இரண்டு பக்க மின்வாய்களையும் கம்பியால் இணைத்துக் குறுஞ்சுற்றாக்கி வையுங்கள், சூடு மாறும்போது பட்டையே வோல்ட்டை உண்டாக்கும், அந்த வோல்ட்டும் முனைவாக்கத்தைக் கெடுக்கும்.

பெட்டியில் போடுவதற்கு முன் ஒரு பரிசோதனை. மூடிய பெட்டிக்குள் இழை விளக்கு ஒன்றைப் போட்டு 30இலிருந்து 70 பாகை வரை மெதுவாக ஏற்றி, ஐந்து பாகைக்கு ஒருமுறை உச்ச வெளியீட்டு மீடிறனைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ஆற விட்டு 30க்கு வந்ததும் மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் இருந்த இடத்துக்குத் திரும்பாவிட்டால் பட்டை உள்ளே மாறிவிட்டது. புதுப் பட்டையில் முதல் சுற்றில் கொஞ்சம் விலகுவது சகஜம், இரண்டாம் மூன்றாம் சுற்றிலும் விலகிக்கொண்டே போனால் அதைப் போடாதீர்கள். ஏறிய தூரத்தை அகலத்தோடு ஒப்பிட்டால் உங்கள் பின்தொடர் சுற்று எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஆக, ஒரு பெட்டி மட்டும் செய்கிறவர், கட்டத்தைப் பூட்ட அலைக்காட்டி இல்லாதவர், அடுத்த மாதம் கடையில் தொங்க விட வேண்டியவர் ஃபெரைட் கோரும் எக்ஸ்7ஆர் பெருக்கியும் எடுக்கட்டும், ஈரத்துக்கு எபொக்சியை ஒழுங்காக ஊற்றட்டும். பத்து, இருபது பெட்டி ஒரே மாதிரிச் செய்யப் போகிறவர், தீப்பிடிக்கும் பயத்தையும் காந்தச் சத்தத்தையும் ஒதுக்க விரும்புகிறவர், பல அடுக்கு உள்ளீடு உள்ள பி.இசட்.டி.-8 அல்லது 4 ரோசன் பட்டையை ஒரே தொகுதியில் வாங்கி, சிடி4046ஓடு ஓட்டட்டும், 5 வாட்டுக்குத் தரப்பட்ட பட்டையை 3 வாட்டில் ஓட்டட்டும், பெட்டியின் கீழேயும் மேலேயும் காற்றுத் துளை விடட்டும். இதே பெட்டியை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிற யோசனை இருந்தால் பரிசோதனையை 30இலிருந்து தொடங்காமல் 10 பாகையிலிருந்து தொடங்குங்கள், அங்கே ஜனவரி விடியற்காலையில் பட்டை விழித்தெழுவது அந்தக் குளிரிலிருந்துதான்.